புது மோட்டார் சைக்கிளின் பின் பிரேக்கு

சோளக்காட்டிலிருந்து காரவள்ளிக்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. எடப்புளி நாட்டிலிருந்து மிளகு மூட்டையுடன் இறங்கும் விவசாயிக்குப் பிரேக்கே உயிர்க்காவல். வண்டி புதிதாயினும் பின் பிரேக்கு தளர்ந்திருப்பின், காரணத்தை முறையாக ஆராய்தல் வேண்டும். டிரம் பிரேக்குள்ள வண்டிகளுக்கு இம்முறை பொருந்தும்.

1. பெடலைக் கையால் அழுத்துக. பிடிக்கத் தொடங்குமுன் உள்ள தளர்ச்சி, கையேட்டிற் கண்ட அளவினும் மிகுந்திருப்பின், பின் சக்கரத்தருகேயுள்ள நட்டைச் சிறிது இறுக்குக. பின்னர்ச் சக்கரம் தடையின்றிச் சுழல வேண்டும். செயினைச் சரிசெய்த போதெல்லாம் இதனை மறவாது பார்க்க.

2. தளர்ச்சி சரியாயிருந்தும் பிடிப்புக் குறைவாயின், புது ஷூ டிரம்மில் இன்னும் முழுமையாகப் படியாதிருக்கலாம். சமவெளியில் மிதமாக ஓட்டப் படியும். அதுவரை பாரமேற்றி மலையிறங்கலாகாது. படிந்த பின்னும் குறை நீங்காவிடில், ஷூவில் கிரீஸ் பட்டுள்ளதா என மெக்கானிக்கிடம் கழற்றிப் பார்க்கச் செய்க.

3. மேலே நன்கு பிடித்துப் பாதி மலையில் வலுவிழந்தால், அது சூட்டின் விளைவு. உடனே ஓரமாக நிறுத்தி ஆறவிடுக. இறக்கத்தில் பாரம் முன்சக்கரத்திற்குச் சாய்வதால் பின் பிரேக்கு மட்டும் போதாது. தாழ்ந்த கியரில், இரு பிரேக்குகளையும் விட்டுவிட்டுப் பிடித்து இறங்குக.

பெட்ரோலை மிச்சப்படுத்த எண்ணி நியூட்ரலில் இறங்குவோர், எஞ்சினின் தடையை இழந்து முழுப் பாரத்தையும் பிரேக்கின் மேல் சுமத்துகின்றனர். இவ்வழக்கத்தைக் கைவிடுமாறு பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஊர்க்கூட்டங்களில் எடுத்துரைப்பாராக.