சூத்திரத்துக்கு முன் சரித்திரம்

கேள்வி: பள்ளியில் நவீன பௌதிகம் கற்பிக்க விஞ்ஞான சரித்திரம் உதவுமா?

பதில்: மிகவும் உதவும். 1887-இல் ஹெர்ட்ஸ் தற்செயலாகக் கண்ட ஒளிமின் விளைவை (ஒளி பட்ட உலோகத்திலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்படுவதை), ஒளி சக்தித் துணுக்குகளாக வருகிறதென்று கொண்டு 1905-இல் ஐன்ஸ்டைன் விளக்கியபோது, அலைக் கொள்கையில் அசையாத நம்பிக்கை வைத்திருந்த அமெரிக்க விஞ்ஞானி மில்லிகன், அதைப் பொய்யென்று நிரூபிக்கும் பொருட்டே ஏறக்குறையப் பத்தாண்டுகள், சோடியம் போன்ற உலோகங்களின் பரப்பை வெற்றிடக் குழாயினுள்ளேயே சீவிச் சீவிப் பரிசோதித்து, 1916-இல் ஐன்ஸ்டைனின் சமன்பாடே சரியென்று வெளியிட்டார். அதன் அடிப்படைக் கருத்தை மட்டும் அப்போதும் ஏற்கவில்லை. இந்தத் தயக்கமே பாடத்தின் உயிர் என்பது என் அபிப்பிராயம். இதை அறிந்த மாணவன் தன் சந்தேகத்துக்காக வெட்கப்படமாட்டான். ஆண்டுகளை மனப்பாடம் செய்விக்க வேண்டாம். ஒளியின் அதிர்வெண்ணுக்கு எதிராக எலெக்ட்ரான்களின் சக்தியைக் குறித்து மில்லிகன் வரைந்த நேர்கோட்டைக் கொடுத்து, அதன் சரிவிலிருந்து பிளாங்க் மாறிலியைக் குழந்தைகளே கணக்கிடும்படி உபாத்தியாயர் செய்யட்டும்.