உள்ளங்கையில் எழுத்து

பொன்முடி, திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ள மலை. கல்லாறு தாண்டினால் 22 கொண்டை ஊசி வளைவுகள். வழியெங்கும் தேயிலை. கொழுந்து பறிக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே லயங்களில் வாழ்கின்றன. பொழுது சாயும் முன்பே மஞ்சு இறங்கிவிடும்.

அப்படி ஒரு லயத்தில் ஒரு பையன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயது பத்து. பிறந்தது முதல் காது கேட்காது. நடக்கத் தொடங்கவே இரண்டு வயது ஆயிற்று. பகலில் நன்றாக ஓடுவான், ஆடுவான். சைகையில் பேசுவான். ஆனால் பொழுது சாய்ந்தால் வாசற்படி தடுக்கி விழுவான். தண்ணீர்க் குடத்தில் இடித்துக்கொள்வான்.

"கண்ணை எங்கேடா வச்சிருக்கே?" என்று அப்பா அதட்டுவார். அந்த அதட்டல் அவன் காதில் விழாது. அப்பா ஓங்கும் கை மட்டும் தெரியும். இருட்டினால் அதுவும் தெரியாது.

"மாலைக்கண்ணா இருக்கும். முருங்கைக்கீரை ஆக்கிப் போடு" என்பார் பாட்டி.

பாட்டி சொல்வது சரியா? பாதி சரி. இது மாலைக்கண்தான். ஆனால் கீரையால் தீராத மாலைக்கண்.

இது என்ன நோய்?

வைட்டமின் ஏ சத்துக் குறைந்தால் மாலைக்கண் வரும். டாக்டர் தரும் மருந்தாலும், கீரை, பழம், முட்டை போன்ற உணவாலும் அது குணமாகும். இந்தப் பையனுக்கு வந்திருப்பது வேறு நோயாக இருக்கலாம். அதன் பெயர் அஷர் நோய். பிரிட்டனைச் சேர்ந்த கண் டாக்டர் சார்லஸ் அஷர், இது பரம்பரையாக வருகிறது என்று 1914-இல் எழுதினார். அவர் பெயரே நோய்க்கு நிலைத்தது.

கண்ணின் உள்ளே, பின்பக்கம், ஒரு மெல்லிய திரை இருக்கிறது. அதுதான் விழித்திரை. அஷர் நோயில் விழித்திரை மெல்ல மெல்லக் கெடுகிறது. முதலில் இரவுப் பார்வை குறையும். பிறகு பக்கப் பார்வை குறையும். அடுப்பு ஊதும் ஊதுகுழல் வழியாகப் பார்த்துப் பாருங்கள். நேரே இருப்பது தெரியும். காலடியில் இருக்கும் குடம் தெரியாது. அப்படித்தான் அவர்கள் பார்ப்பார்கள்.

இந்த நோயில் மூன்று வகை உண்டு.

முதல் வகையில் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. உடல் தள்ளாடும். குழந்தை தாமதமாக நடக்கும். பத்து வயதுக்குள் இரவுப் பார்வை குறையத் தொடங்கும்.

இரண்டாம் வகையில் பிறவியிலேயே காது மந்தமாக இருக்கும். விடலைப் பருவத்தில் கண் மங்கத் தொடங்கும்.

மூன்றாம் வகையில் காதும் கண்ணும் நன்றாக இருந்து, பிறகு மெல்லக் குறையும்.

இது அபூர்வமான நோய். லட்சம் பேரில் சிலருக்கே வரும். அதனால்தான் பலருக்கு இதைத் தெரிவதில்லை. காதுக்கு ஒரு காரணமும் கண்ணுக்கு வேறொரு காரணமும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இரண்டும் ஒரே நோய் என்பது தெரியாமலே வருடங்கள் ஓடிவிடும்.

யார் மேல் தப்பு?

"கிரகணத்தன்று வெளியே வந்தாள், அதனால்தான்" என்று தாயைப் பழிப்பவர்கள் உண்டு. அது பொய். இது சாபமும் அல்ல. தொற்று நோயும் அல்ல.

பிள்ளைக்குத் தாயிடமிருந்து ஒரு பங்கு, தகப்பனிடமிருந்து ஒரு பங்கு என்று குணங்கள் வருகின்றன. இதை மரபணு என்கிறோம். ஒரு பங்கில் மட்டும் இந்தக் குறை இருந்தால் நோய் வராது. இரண்டு பங்கிலும் ஒரே குறை சேர்ந்தால்தான் வரும். தாய் தகப்பன் இருவரிடமும் அந்தக் குறை மறைந்திருக்கலாம். அப்போது பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு உண்டு.

அத்தை மகன், தாய்மாமன் என்று நெருங்கிய சொந்தத்தில் மணம் செய்தால் இந்த வாய்ப்புக் கூடும். ஒரே குடும்பத்தில் ஒரே குறை இருவரிடமும் இருக்கலாம் அல்லவா? அசலில் மணந்தவர்களுக்கும் வருவதுண்டு. ஆகவே நடந்த கல்யாணத்தைப் பழிக்க வேண்டாம். நடக்கப்போகும் கல்யாணத்தைப் பற்றி டாக்டரிடம் கேட்டு யோசிப்போம்.

நேரம் முக்கியம்

இந்த நோயில் கெட்ட விழித்திரையைச் சரிசெய்து பழைய பார்வையைத் தரும் மருந்து இன்னும் வரவில்லை. ஆராய்ச்சி நடக்கிறது. நாமாக வைட்டமின் மாத்திரை வாங்கிக் கொடுக்கக் கூடாது.

அப்படியானால் ஆஸ்பத்திரிக்கு ஏன் போக வேண்டும்? பிள்ளைக்குக் கிடைக்கும் நேரத்தைக் காப்பாற்றத்தான்.

குழந்தை பிறந்த முதல் மாதத்திலேயே காதைச் சோதிக்கலாம். காதுக்குள் பொருத்தும் காக்ளியர் கருவியைச் சிறு வயதிலேயே வைத்தால்தான் நல்ல பலன். கேரள அரசு 2012-இல் இதற்காகச் சுருதிதரங்கம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. திருவனந்தபுரம் ஆக்குளத்தில் 'நிஷ்' என்ற நிறுவனம் இருக்கிறது. 1997-இல் தொடங்கியது. அங்கே காதுச் சோதனையும் பேச்சுப் பயிற்சியும் உண்டு.

காது கேளாத பிள்ளைக்குக் கண்ணையும் கட்டாயம் சோதிக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்குக் கண்ணே காது. அந்தக் கண் மங்கும் என்று முன்பே தெரிந்தால், வெளிச்சம் இருக்கும்போதே எழுத்து கற்கலாம். சைகை மொழி கற்கலாம். தொட்டுப் படிக்கும் பிரெயில் கற்கலாம். கோல் ஊன்றி நடக்கப் பழகலாம்.

முன்னே வந்தவர்கள்

ஆஸ்பத்திரி காதையும் கண்ணையும் பார்க்கும். வீட்டில் இருக்கும் மற்ற நாட்களில் யார் துணை?

1955-இல் பிரிட்டனில் இரண்டு தாய்மார் இதே கேள்வியைக் கேட்டார்கள். பெக்கி ஃப்ரீமன், மார்கரெட் பிராக் என்பது அவர்கள் பெயர். அவர்களுடைய பிள்ளைகள் காதும் கண்ணும் பாதிக்கப்பட்டவர்கள். காரணம் அஷர் நோய் அல்ல, ருபெல்லா என்ற அம்மை. கஷ்டம் ஒன்றுதான். அவர்கள் பெற்றோரைச் சேர்த்து ஒரு குழு தொடங்கினார்கள். அதுவே 'சென்ஸ்' என்ற பெரிய அமைப்பாக வளர்ந்தது.

நம் நாட்டில் 1977-இல் மும்பையில் ஹெலன் கெல்லர் பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கியது. 1997-இல் அகமதாபாத்தில் 'சென்ஸ் இந்தியா' தொடங்கியது. அதன் துணையோடு பாதிக்கப்பட்ட பெரியவர்கள் 'உடான்' என்றும், பெற்றோர் 'பிரயாஸ்' என்றும் ஒன்றுசேர்ந்தார்கள். உடான் என்றால் பறத்தல். பிரயாஸ் என்றால் முயற்சி.

அஷர் நோய்க்கென்றே அமெரிக்காவில் 2008-இல் ஒரு கூட்டமைப்பு உருவானது. அதைத் தொடங்கியதில் பெற்றோருக்கு முக்கியப் பங்கு உண்டு. செப்டம்பர் மாதம் மூன்றாம் சனிக்கிழமை அஷர் விழிப்புணர்வு நாள். அந்த நாட்களை ஒட்டித்தான் அங்கே பகலைவிட இரவு நீளமாகத் தொடங்கும். பொருத்தமான நாள்தானே?

ஒன்றுசேர்ந்து கேட்டால் சட்டமும் மாறும். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன. காதும் கண்ணும் சேர்ந்து குறைவது அதில் தனியாக இல்லை. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் உண்டு. இதுவும் அதில் இடம்பெற்றது. எனவே சான்றிதழ் வாங்கும்போது காது, கண் இரண்டையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

நம்மால் முடியுமா?

சங்கம் என்றால் கட்டடமும் பெயர்ப்பலகையும் வேண்டியதில்லை. இரண்டு தாய்மார் போதும் என்று பார்த்தோம். லயத்தில் நாலு பேர் சேரலாம். ஒருவர் படிக்கட்டின் ஓரத்தில் சுண்ணாம்பு அடிக்கலாம். வெள்ளைக் கோடு மங்கிய கண்ணுக்கும் தெரியும். ஒருவர் வாசலில் விளக்குப் போடலாம். குடத்தை எப்போதும் ஒரே இடத்தில் வைக்கலாம். தாய்க்கு ஒரு நாள் கூலி போகுமே என்றால், இன்னொருவர் பிள்ளையைப் பஸ்ஸில் நகரத்துக்கு அழைத்துப் போகலாம்.

உங்களிடம் இன்னொன்றும் இருக்கிறது. எழுத்து! நீங்கள் கற்ற எழுத்தை அவர் உள்ளங்கையில் விரலால் எழுதலாம். ஹெலன் கெல்லருக்குக் காதும் கேட்காது, கண்ணும் தெரியாது. 1887-இல் அவருடைய ஆசிரியை ஆன் சல்லிவன் அவர் கையில்தான் சொற்களை உணர்த்தினார். தண்ணீர் என்ற சொல் அப்படித்தான் அவருக்கு விளங்கியது. பிற்காலத்தில் ஹெலன் கெல்லர் பல புத்தகங்கள் எழுதினார். 1955-இல் இந்தியாவுக்கும் வந்தார்.

லயத்துப் பையனிடம் திரும்பிப் போவோம். அவனுடைய அப்பா இரவு வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். விஷயம் புரிந்த பிறகு அவர் கை ஓங்குவதில்லை. மஞ்சு இறங்கும் நேரம் பக்கத்தில் வந்து தோளைத் தொடுகிறார். பையனின் உள்ளங்கையை விரித்து மூன்று எழுத்து எழுதுகிறார். அ. ப். பா.

பையன் அப்பாவின் கையைப் பிடித்து விரிக்கிறான். அவனும் எழுதுகிறான்.

செய்து பாருங்கள்

1. கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர் உங்கள் உள்ளங்கையில் ஒவ்வொரு எழுத்தாக எழுதட்டும். சொல்லைக் கண்டுபிடியுங்கள்.

2. உங்கள் ஊரில் காது கேளாத பிள்ளைகள் இருக்கிறார்களா? அவர்கள் கண்ணைச் சோதித்தார்களா? விசாரியுங்கள்.

3. பார்வை மங்கியவரைப் பிடித்துத் தள்ளாமல், அவர் உங்கள் கையைப் பிடித்துவர விடுவது ஏன் நல்லது? பேசுங்கள்.