மின்மினியின் ஒளியும் எலிக்காய்ச்சல் பரிசோதனையும்

தஞ்சை மாவட்டத்து வயல் வரப்புகளில் இரவு வேளையில் மின்மினிகள் ஒளிர்வதை நம்மில் பலர் கண்டிருப்போம். அவ்வொளியை உண்டாக்குவது லூசிஃபெரேஸ் என்னும் நொதி. லூசிஃபெரின் என்ற பொருளுடன் ஆக்சிஜனும், உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி.யும் சேரும்போது இந்நொதி ஒளியைப் பிறப்பிக்கிறது.

மருத்துவ ஆய்விலும் இந்நொதிக்கு இடமுண்டு. காசநோய்க் கிருமியைத் தாக்கும் வைரஸ் ஒன்றில் மின்மினியின் மரபணுவைச் சேர்த்து, 1993-ஆம் ஆண்டு அமெரிக்க அறிவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டனர். அந்த வைரஸ் புகுந்த உயிருள்ள கிருமி, லூசிஃபெரின் சேர்த்தவுடன் ஒளிரும். மருந்து பலித்தால் ஒளி மங்கும். பலிக்காவிட்டால் ஒளி தொடரும். சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் இம்முறையை ஆராய்ந்துள்ளது.

ஆனால் ஒளியானது, நொதி இயங்குகிறது என்பதை மட்டுமே காட்டும். செயலிழந்த நொதி ஒளி தராது. எனினும் அதன் புரதம் அங்கே எஞ்சியிருக்கலாம். அதனைக் கண்டறிய, லூசிஃபெரேஸைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை ஆய்வுக்கூடத்தார் பயன்படுத்துவர். கண்ணுக்குப் புலப்படும்படி அவ்வெதிர்ப்பொருளுடன் ஒளிரும் சாயமோ, நிறம் தோற்றுவிக்கும் வேறொரு நொதியோ இணைக்கப்பட்டிருக்கும். ஆக, "இயங்குகிறதா?" என்பது ஒரு கேள்வி, "இருக்கிறதா?" என்பது வேறொரு கேள்வி. ஒவ்வொரு சோதனையும் தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு மட்டுமே விடை தரும்.

நம் பகுதியில் இவ்வுண்மை எலிக்காய்ச்சலுக்குப் பெரிதும் பொருந்தும். எலியின் சிறுநீர் கலந்த வயல்நீரிலிருந்து, காலிலுள்ள வெடிப்பு அல்லது காயத்தின் வழியாக இக்கிருமி உடலுக்குள் புகும். இதற்கான எலைசா பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக நம் உடல் உருவாக்கிய ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அதன்மேல் சென்று ஒட்டுவது, நிறம் தரும் நொதி இணைந்த மற்றோர் எதிர்ப்பொருள். நிறம் தோன்றினால் "பாசிட்டிவ்" என்று அறிக்கை வரும்.

உடல் எதிர்ப்பொருளை உருவாக்கச் சில நாட்கள் ஆகும். ஆகவே காய்ச்சலின் முதல் வாரத்தில் "நெகட்டிவ்" என வந்தாலும், நோய் இல்லை என்று முடிவுகட்ட இயலாது. மறுபுறம், நோய் குணமான பின்னரும் எதிர்ப்பொருள் பல மாதங்கள் இரத்தத்தில் தங்கக்கூடும். எனவே மருத்துவர் அறிக்கையை மட்டும் பாராமல், காய்ச்சல் தொடங்கிய நாளையும் அறிகுறிகளையும் சேர்த்தே எடைபோடுகிறார்.

நாற்றுநடவு, களையெடுப்பு, எலிபிடித்தல் போன்ற வேலைகளுக்குப் பின் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் வந்தால், செய்த வேலையையும் காய்ச்சல் தொடங்கிய நாளையும் மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள். மறுபரிசோதனைக்கு அழைத்தால் வாருங்கள். முடிவு வருமுன் சிகிச்சை தொடங்கினால் தயங்காதீர்கள். கண் மஞ்சளாதல், சிறுநீர் குறைதல், மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், கையிலுள்ள அறிக்கை எவ்வாறிருப்பினும், உடனே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.