திரையும் கண்ணும்

தொலைக்காட்சித் திரையை உற்று நோக்கின், அஃது எண்ணற்ற நுண்புள்ளிகளின் தொகுதி என்பது விளங்கும். புள்ளிகள் பெருகப் பெருகக் காட்சி தெளிவுறும். 1926ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தினராகிய ஜான் லோகி பெயர்டு இலண்டன் மாநகரில் அறிஞர்க்குக் காட்டிய உருவம் முப்பதே கோடுகளால் ஆயது. 1936இல் அந்நகரில் தொடங்கிய ஒளிபரப்பு 405 கோடுகளை உடையது. அதனையே அன்று ‘உயர் தெளிவு’ என வியந்தனர்!

சப்பானிய ஒலிபரப்புக் கழகமாகிய என்.எச்.கே. 1964ஆம் ஆண்டிலேயே இத்துறையில் ஆராய்ச்சி தொடங்கிற்று. அதன் பயனாக, 2018 திசம்பர் முதல் நாளில் ‘எட்டுக் கே’ ஒளிபரப்பையும் அக்கழகம் நிறுவியது. அத்திரையின் புள்ளிகள் ஏறத்தாழ 3 கோடியே 30 இலட்சம். ‘நான்கு கே’ திரையினும் நான்கு மடங்கு.

ஆயினும் மக்கள் அதனை விரைந்து ஏற்றிலர். காரணம் கண்ணிலேயே உள்ளது. ஒரு பாகையை அறுபது கூறாக்கினால், அக்கூறு ஒன்றினும் சிறிய இடைவெளியை நலமுள்ள கண்ணும் பொதுவாகப் பிரித்தறியாது. ஆதலின், 65 அங்குல நான்கு கே திரையின் புள்ளிகளையே ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டருக்கு அப்பால் அமர்ந்தவர் தனித்தனியே காணார். வீட்டுக் கூடத்தில் அதனினும் நெருங்கி அமர்வார் யாவர்? காணத்தக்க நிகழ்ச்சிகளும் சிலவே, விலையோ மிகுதி.

மின்செலவும் ஒரு தடையாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2023 மார்ச்சு முதல் எட்டுக் கே பெட்டிகளுக்கும் மின்செலவு வரம்பு விதித்தது. நுண்புள்ளிகள் நெருங்குந்தோறும் ஒளி ஊடுருவும் வழி குறுகுதலின், அத்திரைக்குப் பின்விளக்கு மிகுதியாக வேண்டும். எனவே, ஒளியைக் குறைத்து அமைத்தே அப்பெட்டிகளை விற்கலாயினர். தெளிவை நாடியவர் மங்கலை ஏற்க நேர்ந்தது! சுவரளாவிய திரைகள் மலிந்தாலன்றி, அவ்வுற்பத்தியாளர்க்குப் புள்ளிப் பெருக்கம் ஊதியம் தருதல் அரிது.