கறுப்புத் திரையில் நான்கு கேள்விகள்

"சார், நெட் வரல" என்றதும் நாம் கேபிளைப் பிடுங்கிச் செருகுகிறோம். கோளாறு எங்கே என்று மாணவர்களையே தேடவைக்கலாம். விண்டோஸ் தேடல் பெட்டியில் சி.எம்.டி. என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்தினால் கறுப்புத் திரை வரும். "ஏதாவது கெட்டுப்போயிடுமா?" என்பதுதான் அவர்களின் முதல் பயம். பிங் கட்டளை எதையும் அழிக்காது. இன்னொரு கணினியிடம் "இருக்கிறாயா?" என்று நான்கு முறை கேட்டு, பதில் வர எத்தனை மில்லிவினாடி ஆனது என்று காட்டும். 1983இல் மைக் மூஸ் எழுதிய நிரல் இது. சோனார் ஒலியை வைத்துப் பெயரிட்டார்.

வரிசை முக்கியம். முதலில் பிங் 127.0.0.1. கணினி தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும். அடுத்து ஐ.பி.கான்ஃபிக் கட்டளை காட்டும் 'டிஃபால்ட் கேட்வே' எண். அது பெரும்பாலும் நம் ரூட்டர். பிறகு வெளியே, கூகுளின் 8.8.8.8. கடைசியாக ஓர் இணையதளத்தின் பெயர். ரூட்டர் பதில் சொல்லியும் 8.8.8.8 சொல்லாவிட்டால், நம் மேசைக் கேபிளைக் குறைசொல்லிப் பயனில்லை. எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால், பெயரை எண்ணாக மாற்றித்தரும் டி.என்.எஸ்.ஸைச் சந்தேகிக்கலாம்.

என் வகுப்பில் ஒரு மாணவி பிங்குக்கும் எண்ணுக்கும் நடுவே இடைவெளி விடவில்லை. பிழைச்செய்தி வந்ததும் பயந்து கையை எடுத்துவிட்டாள். நான் அவசரப்பட்டு விசைப்பலகையை வாங்கித் திருத்தினேன். அடுத்த வாரமும் அதே பிழை. இப்போதெல்லாம் செய்தியை உரக்க வாசிக்கச் சொல்லிவிட்டு, என் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.

'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' என்று வந்தாலே எதிர்முனை வேலை செய்யவில்லை என்று மாணவர்களை எழுதவிடாதீர்கள். பிங்குக்குப் பதில் தராதபடி அமைக்கப்பட்ட கணினிகளும் உண்டு. அந்தத் தளம் உலாவியில் திறக்கிறதா என்றும் பார்க்கட்டும்.