மெல்லும் தாடை

கரமனையாற்றை அடுத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தெருக்கள் உள்ளன. மாலை வேளையில் அவ்வீடுகளில் முறுக்கையும் நேந்திரங்காய் வறுவலையும் மெல்லும் ஓசை கேட்பது வியப்பன்று. அம்மெல்லுதல் எவ்வாறு நிகழ்கிறது என்று கூர்ந்து நோக்குவோரே சிலர்.

மண்டையோட்டின் பெரிய எலும்புகளுள் அசையக்கூடியது கீழ்த்தாடை ஒன்றே. (மலையாளத்தில் இதனைத் 'தாடியெல்லு' என்பர், அங்கே 'தாடி' என்பது மோவாயையும் குறிக்கும்.) காதுத்துளைக்குச் சற்று முன்னால், இருபுறமும் உள்ள இரண்டு மூட்டுகளில் அது பொருந்தியுள்ளது. கதவின் கீல் சுழல மட்டுமே அறியும். தாடை மூட்டோ சுழல்வதோடு முன்னோக்கி வழுக்கவும் செய்கிறது. எலும்புகள் உரசாதபடி நடுவே மெல்லிய வட்டு ஒன்று உண்டு. இரு மூட்டுகளும் ஒரே எலும்பின் இரு முனைகளாதலால், ஒன்று அசைந்தால் மற்றொன்றும் அசைந்தே தீரும்.

மெல்லும்போது தாடை நேராக மேலும் கீழும் செல்வதில்லை. கீழிறங்கி, உணவு இருக்கும் பக்கமாகச் சாய்ந்து, நீர்த்துளி வடிவில் வளைந்து மேலே திரும்புகிறது. பெட்டியின் மூடி போல மேற்பற்கள் கீழ்ப்பற்களைக் கவிந்திருப்பது இயல்பு. சிலருக்கு ஒரு பக்கத்துக் கடைவாய்ப்பற்கள் இதற்கு மாறாக அமையும். இது குறுக்குக் கடி எனப்படும். அப்பக்கத்தில் மெல்லும்போது தாடை செல்லும் பாதை பலருக்கு எதிர்த்திசையில் திரும்பிவிடுகிறது. பற்கள் இடித்துக்கொள்ளாதிருக்கத் தாடையும் ஒருபுறம் விலகி மூடப் பழகுகிறது. வளரும் பருவத்தில் இது நீடித்தால், தாடையின் இரு பக்கங்களும் ஒத்து வளராமற் போகலாம்.

எனினும், மூட்டு வலிக்கெல்லாம் பற்களையே குற்றம் சாட்டுதல் தகாது. கோணற்பல் இருந்தும் வலியறியாதவர் பலர்; வரிசையான பல் இருந்தும் வலியால் வருந்துவோர் உளர். உறக்கத்தில் பற்களை நறநறவெனக் கடித்தல், மனஅழுத்தம், தாடையில் அடிபடுதல் ஆகியனவும் காரணங்களாகலாம். வலியின்றி எழும் 'டக்' என்னும் ஓசைக்குப் பெரும்பாலும் மருத்துவம் தேவைப்படாது. வலியோ, வாய் முழுதும் திறவாமையோ இருப்பின் மருத்துவரைக் காணல் வேண்டும்.

அமெரிக்க மருத்துவர் எட்வர்டு ஆங்கிள் 1899-ஆம் ஆண்டில் பொருந்தாக் கடிகளை வகைப்படுத்தினார். முதல் நிலைக் கடைவாய்ப்பற்கள் மேலும் கீழும் பொருந்தும் முறையே அவருக்கு அளவுகோலாயிற்று. அப்பல் ஏறத்தாழ 6 வயதில், பாற்பல் எதுவும் விழாமலேயே, கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால் முளைக்கிறது. அதனால் பெற்றோர் பலர் அதனையும் விழப்போகும் பாற்பல் என்றே எண்ணிச் சொத்தையைக் கவனியாது விட்டுவிடுகின்றனர். அது விழுந்தால் மீண்டும் முளையாது; அண்டைப் பற்கள் அவ்விடம் நோக்கிச் சாயக் கடியும் மாறும்.

திருவனந்தபுரத்தில் 1959-இல் தொடங்கப்பெற்ற அரசு பல் மருத்துவக் கல்லூரி உள்ளது. 7 வயதளவில் ஒருமுறை பல் மருத்துவரிடம் கடியைக் காட்டுவது நன்று. எலும்பு வளரும் காலத்தில் குறுக்குக் கடியைத் திருத்துதல் எளிது.

பயிற்சி: கண்ணாடியின் முன் நின்று வாயை மெதுவாகத் திறந்து மூடுக. மோவாய் நேராக இறங்குகிறதா, ஒருபுறம் விலகுகிறதா? கண்டதை ஐந்து தொடர்களில் எழுதுக.