வரையாட்டுக்கு இரண்டு பக்கம்

கேள்வி: எங்கள் மாத இதழில் வரையாடு பற்றி இரட்டைப் பக்கக் கட்டுரை வரப்போகிறது. லேஅவுட் என் பொறுப்பு. ஒரு பக்கம் முழுக்க ஆட்டின் முகம், மறுபக்கம் கட்டுரை என்று நினைத்திருக்கிறேன். படத்தைப் பார்த்ததும் வாசகருக்குப் பரிதாபம் வரவேண்டும் என்கிறார் ஆசிரியர். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: முகத்தை அவ்வளவு பெரிதாக வைக்க வேண்டாம் என்பேன். கழுத்தோடு வெட்டிய படத்தில் ஆடு தெரியும். அது ஏன் அருகிப்போனது என்பது தெரியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில், சுமார் 1,200 முதல் 2,600 மீட்டர் உயரத்தில், புல்வெளியும் அதை ஒட்டிச் செங்குத்துப் பாறையும் சேர்ந்திருக்கும் இடங்களில்தான் வரையாடு வாழ்கிறது. புல்லில் மேயும்; செந்நாயோ சிறுத்தையோ வந்தால் பாறையில் ஏறித் தப்பிக்கும். அந்தப் புல்வெளிகளில்தான் ஆங்கிலேயர் காலம் தொட்டு சீகையும் பைனும் தைல மரமும் நட்டார்கள். வேட்டையும் சேர்ந்துகொண்டது. எனவே இரண்டு பக்கத்தையும் புல்வெளிக்கே கொடுங்கள். வலப்பக்க ஓரமாக, பாறை நுனியில் ஆடு சிறியதாக நிற்கட்டும். இடப்பக்கத்து வானத்தில் தலைப்பு. உங்கள் ஆசிரியருக்கும் இதைச் சொல்லுங்கள்: இந்த விலங்குக்கு வேண்டியது பரிதாபம் அல்ல, இடம்.

இனி அச்சு. உங்கள் இதழ் சென்டர் பின் அடிப்பதா, முதுகு ஒட்டுவதா என்று எழுதவில்லை. பின் அடிப்பதானால் நடுப்பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்; அங்கேதான் இரண்டு பக்கமும் ஒரே தாளில் அச்சாகும். மற்ற இடங்களில் படத்தின் இரு பாதியும் தனித்தனியாக அச்சாகும். நிறம் ஒன்றுக்கொன்று சேராமல் போகலாம், மலைக்கோடும் ஒரு மில்லிமீட்டர் ஏறி இறங்கலாம். முதுகு ஒட்டுவதானால் நடு மடிப்பு இருபுறமும் படத்தை விழுங்கும். கொம்போ கண்ணோ மடிப்பின் பக்கம் வரக்கூடாது.

மேப்லித்தோ தாளானால் இன்னொரு தொல்லை. மை பரவும். பழுப்பு ஆடு பழுப்புப் பாறையில் கரைந்து காணாமல் போகும். திரையில் கொஞ்சம் வெளுத்துத் தெரிகிறது என்று தோன்றும் அளவுக்குப் படத்தின் நடு நிறங்களை வெளிச்சமாக்கி, ஒரு சோதனைத் தாள் போட்டுப் பாருங்கள். கருமையான பின்னணியில் வெள்ளை எழுத்து வைப்பதானால் தடித்த எழுத்துதான். மெல்லிய கோடுகள் மையில் அடைந்துவிடும். கட்டுரையைப் பக்கத்துக்கு மூன்று பத்தியாகப் பிரிக்காதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளம். ஒடுங்கிய பத்தியில் இருபுறமும் சீராக்கினால் வரிக்கு வரி ஓட்டை விழும். இரண்டு பத்தி, 11 பாயிண்ட், வரிக்கு 15 பாயிண்ட். மேல் வரியின் கீழ்ச்சுழியும் கீழ் வரியின் மேற்சுழியும் இடித்துக்கொள்ளாமல் இருக்க அந்த இடைவெளி தேவை.

எல்லாவற்றையும் விட நான் கவலைப்படுவது படம் சரியானதா என்பதில்தான். இணையத்தில் தேடினால் இமயமலை தார் ஆடும் வந்து நிற்கும். அதன் கிடாவுக்குக் கழுத்தைச் சுற்றி அடர்ந்த பிடரிமயிர். நம் வரையாட்டுக்கு ரோமம் குட்டை. முதிர்ந்த கிடாவுக்குக் கரும்பழுப்பு உடம்பில் முதுகில் மட்டும் வெளிறிய திட்டு. கொம்பு இருபாலுக்கும் உண்டு, ஆகவே கொம்பை மட்டும் பார்த்துக் கிடா என்று படக்குறிப்பு எழுதிவிடாதீர்கள். கிட்டத்தில் நின்று எடுத்த படங்களில் பல, கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்காவில், மனிதரைப் பார்த்துப் பழகிய மந்தைகளை எடுத்தவை. அப்படியானால் படக்குறிப்பில் இரவிகுளம் என்றே போடுங்கள். படம் எடுத்தவர் பெயரையும் மறக்காதீர்கள். கணினி வரைந்து தரும் படம் இந்தப் பக்கத்துக்கு வேண்டவே வேண்டாம்.

பெட்டிச் செய்தி ஒன்று போதும். தமிழக அரசின் நீலகிரி வரையாடு திட்டம் 2022-இல் அறிவிக்கப்பட்டது, 25.14 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில். 2024 கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1,031 வரையாடுகள், 2025-இல் 1,303. இந்த இரண்டு எண்ணையும் அருகருகே பெரிய எழுத்தில் போட்டு மேல்நோக்கி ஓர் அம்பு வரைந்துவிட வேண்டாம். இரண்டாம் முறை கூடுதல் இடங்களில் எண்ணினார்கள். ஒரே ஆண்டில் அத்தனையும் பிறந்ததாக வாசகர் எடுத்துக்கொள்வார். கட்டுரையை அக்டோபர் இதழுக்கு ஒதுக்க முடிந்தால் இன்னும் நல்லது. 1975-இல் வரையாட்டை ஆராய்ந்து எழுதிய இ.ஆர்.சி. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7-ஐ வரையாடு தினமாக அரசு கடைப்பிடிக்கிறது.

சின்னதாக ஒரு வரைபடமும் வையுங்கள். நீலகிரியோடும் ஆனைமலையோடும் நிறுத்திவிடாதீர்கள். உங்கள் களக்காடு முண்டந்துறை மலையிலும் வரையாடு இருக்கிறது. உங்கள் வாசகர்கள் அதை அந்தப் பக்கத்தில் பார்க்க வேண்டும்.